வயிற்றில் ஊறிய கள்

கித்தேரியா பொய் சொல்ல மாட்டாள். அவளிடம் இருந்த பெரிய தொல்லையே அதுதான். வேறு யாராவது சொல்லியிருந்தால் நாகொர்லி ஊரில் பாதிப்பேர் நம்பியிருக்க மாட்டார்கள். சொன்னது கித்தேரியா என்பதால் ஊரே நம்பியது. அவள் தம்பி பெண்டாட்டி பியதாத் குடிக்கிறாளாம், மாவு பொங்க வைக்க வருகிற தென்னங்கள்ளைத் திருடிக் குடிக்கிறாளாம்.

அது ரொட்டிக்காரக் குடும்பம். தம்பி கயித்தான் அடுப்பு பார்ப்பான். பியதாத் மாவு பிசைவாள். கல்யாணமே வேண்டாமென்று பிறந்த வீட்டிலேயே தங்கிவிட்ட கித்தேரியா காலையும் சாயங்காலமும் வீடு வீடாக ரொட்டி கொண்டு போவாள். ஐம்பத்தெட்டு வயதாகியும் சைக்கிள் ஓட்டத் தெரியாது. பின்னால் பெரிய மூங்கில் கூடை, அதன்மேல் நீல பிளாஸ்டிக் தாள், கைப்பிடியில் ரப்பர் ஹாரன். எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டே நடந்து, ஒவ்வொரு வாசலிலும் நின்று பாம் பாம் என்று ஊதுவாள். மொத்தம் நாற்பத்து மூன்று வாசல். ரொட்டியோடு அவள் வாயில் வருகிற சேதியும் உள்ளே போகும்.

நாற்பத்து மூன்றாவது வாசல் எர்மெலிந்தாவுடையது. பியதாத்தின் ஒரே மகள் லவீனா அந்த வீட்டுக்குத்தான் மருமகளாகப் போயிருந்தாள். எர்மெலிந்தாவுக்குக் காது மந்தம். அவளிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டுமென்றால் தொண்டை கிழியக் கத்த வேண்டும். லவீனா முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த வாரமே கித்தேரியா அங்கே நின்று கத்தினாள்.

“தலைப்பிரசவத்துக்கு எங்க வீட்டுக்கு அனுப்பாதீங்க! அவ ஆத்தா குடிக்கிறா! கைக்குழந்தையக் கீழ போட்ருவா!”

அந்தக் கத்தலுக்கு எதிர்வரிசை ஜன்னல் ஒவ்வொன்றாகத் திறந்தது. அன்றைக்கே எர்மெலிந்தா சொல்லிவிட்டாள், பெண்ணை அனுப்புவதாக இல்லை என்று.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பியதாத்தின் காலில் ஒரு புண் வந்து ஆறாமல் போனது. மூன்று மாசம் வீரியமான மாத்திரைகளாகத் தின்று தீர்த்தாள். புண் ஆறியது. வயிறு மட்டும் தொட்டி மாவு மாதிரி உப்ப ஆரம்பித்தது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் காது சுடும், நாக்கு தடிக்கும், கால் தரையில் பாவாது. வாயைத் திறந்தால் கள் வாடை. பியதாத் பிறந்ததிலிருந்து கள்ளை வாயில் வைத்ததில்லை. தன் மூச்சைத் தானே உள்ளங்கையில் ஊதி மோந்து பார்த்துவிட்டு, என்னை என்னவோ பிடித்திருக்கிறது என்று அழுதிருக்கிறாள்.

தம்பியும் அக்காவும் கலந்து பேசிக் கள் பானையில் கரியால் கோடு போட்டு வைத்தார்கள். காலையில் போட்ட கோட்டுக்கு மத்தியானம் கள் இரண்டு விரல் இறங்கியிருந்தது. இறங்காமல் என்ன செய்யும்? புதுக் கள் நுரைத்து நிற்கும், நுரை அடங்கினால் மட்டம் இறங்கும். ரொட்டிக்காரன் வீட்டில் பிறந்த பூனைக்கும் இது தெரியும். கயித்தானுக்கும் தெரியும். ஆனாலும் அக்கா கோட்டைக் காட்டியபோது அவன் வாயே திறக்கவில்லை.

அதன்பிறகு ஜனவரியில் லவீனாவின் கல்யாணம். முந்தின நாள் பெண்ணை உட்கார வைத்துத் தேங்காய்ப்பால் ஊற்றும் சடங்கு. முதல் கை பெற்றவளுடையது. வந்தவர்களுக்குப் பலகாரம் சரியாக இருக்கிறதா என்று பியதாத் காலையிலிருந்து வெல்லப் பாகும் கடலைப்பருப்பு இனிப்பும் ருசி பார்த்துக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் பார்த்தால் நிற்க முடியவில்லை. கித்தேரியா அவள் கையைப் பிடித்து விறகு அறைக்குள் தள்ளி வெளியே சங்கிலி மாட்டினாள்.

விறகு அறையின் பலகைச் சுவரில் இடுக்கு உண்டு. அந்த இடுக்கு வழியாகப் பாட்டு கேட்டது.

“அம்மா எங்க, அத்தை?” என்று லவீனா கேட்டது காதில் விழுந்தது.

“குடிச்சிருக்கா. பூட்டி வச்சிருக்கேன்” என்று கித்தேரியா நூறு பேர் நடுவில் சொன்னதும் கேட்டது. தலைவலி என்றாவது சொல்லியிருக்கலாம். சொல்ல மாட்டாளே, உத்தமி! அப்புறம் முதல் கைத் தேங்காய்ப்பாலை அவளே ஊற்றினாள். பியதாத் விறகுக் கட்டைமேல் உட்கார்ந்து அந்தப் பால் சொட்டுகிற சத்தத்தைக் கேட்டாள். சாகும்வரை அதை மன்னிப்பதில்லை என்று அப்போதே முடிவு செய்துகொண்டாள்.

கல்யாணம் முடிந்து தவக்காலம் வந்தது. பங்குச் சாமியாரிடம் கித்தேரியா முறையிட்டாள். நல்ல மனிதர்தான் அவர். பியதாத்தைக் கூப்பிட்டுப் பொறுமையாகப் பேசினார்.

“நான் குடிக்கல சாமி.”

“வாசம் வருதேம்மா.”

“வருது சாமி. எங்கிருந்து வருதுன்னு எனக்கே தெரியல.”

அவர் பெருமூச்சு விட்டு அபராதம் போட்டார். தவக்காலம் முடிகிறவரை வெள்ளிக்கிழமைகளில் ரொட்டியும் வெல்லத்தண்ணியும் தவிர வேறெதுவும் தொடக் கூடாது. பியதாத் ஒரு வெள்ளி விடாமல் கடைப்பிடித்தாள். ஒவ்வொரு வெள்ளியும் மற்ற நாளைவிட மோசமாகத் தள்ளாடினாள். பெரிய வெள்ளி ஊர்வலத்தில் கையில் மெழுகுவர்த்தியோடு குப்புற விழுந்தாள். வியாகுல மாதா சிலையின் கறுப்புத் துணி ஓரத்தில் தீப்பிடித்தது.

“தவம் இருக்கிற நாள்லகூடக் குடிக்கிறாளே, இவள்லாம் ஒரு பொம்பளையா!” என்று ஊர் காறித் துப்பியது.

மே மாசம் யாரிடமும் சொல்லாமல் மட்காவ் டவுனுக்குப் பஸ் ஏறினாள். வயிற்றுக்கு மட்டும் பார்க்கிற டாக்டரம்மா ஒருத்தி, சினாய் என்று பெயர். பியதாத் எல்லாவற்றையும் சொன்னாள். குடிப்பதில்லை என்பதைக் கடைசியாக, சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொன்னாள். யார் நம்பப்போகிறார்கள்? டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்தாள். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, பக்கத்தில் நர்சை உட்கார வைத்து, மணிக்கு ஒருதரம் ரத்தம் எடுத்தாள். மூன்றாம் நாள் கூப்பிட்டாள்.

“நீங்க என்ன வேலை பாக்கறீங்க?”

“ரொட்டி வேலை. மாவு பிசையறேன்.”

“அப்ப உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்ல. மாவு எதனால பொங்குது?”

“கள்ளால. இல்லாட்டி கடையில விக்கிற ஈஸ்ட்டால.”

“அந்த ஈஸ்ட் சாதியில ஒண்ணு உங்க குடல்ல பெருகிக் கெடக்கு. எல்லார் வயித்துலயும் கொஞ்சம் இருக்கும். நீங்க தின்ன மாத்திரையில மத்த கிருமி செத்துப்போச்சு, இது மட்டும் வளந்துடுச்சு. சோறு, ரொட்டி, சர்க்கரை எது உள்ள போனாலும் அதை ஊற வச்சு சாராயமா மாத்துது. ரொம்ப அபூர்வமா வர்ற வியாதி.”

பியதாத்துக்கு அபராதச் சாப்பாடு சாப்பிட்ட வெள்ளிக்கிழமைகள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன.

“அப்ப நான் குடிக்கல.”

“நீங்க குடிக்கல.”

“எழுதிக் குடுப்பீங்களா?”

“குடுக்கறேன். முதல்ல வியாதியப் பாப்போம். மாத்திரை பாதி வேலைதான் செய்யும். மீதி பட்டினி.”

“நான் பட்டினி கெடப்பேன் டாக்டர்.”

“நீங்க இல்லம்மா, அது கெடக்கணும். ரொட்டி, சோறு, கஞ்சி, சர்க்கரை, வெல்லம், பழம் எதுவும் மூணு மாசத்துக்கு வாயில படக் கூடாது. மீன் சாப்பிடுங்க. முட்டை, கீரை, வெண்டைக்கா, தேங்கா சாப்பிடுங்க. நடுவுல ஒருநாள் ஆசைப்பட்டு நாலு ரொட்டி தின்னீங்கன்னா பழையபடி ஆரம்பிச்சுடும். சாகாது சீக்கிரம். தூங்கும்.”

“தெரியும் டாக்டர். பழைய மாவு ஒரு வாரம் தீனி இல்லாட்டி செத்த மாதிரிக் கெடக்கும். ஒரு பிடி மாவும் ரெண்டு சிட்டிகை சக்கரையும் போட்டா எந்திரிச்சு உக்காரும்.”

“படிச்சவங்ககூட இவ்வளவு சீக்கிரம் புரிஞ்சுக்கல” என்று டாக்டரம்மா சிரித்தாள்.

சொல்லத் தகுமா அந்தப் பத்தியத்தை! தினமும் அறுநூறு ரொட்டி அவள் கையால் உருட்டப்பட்டு அடுப்புக்குள் போகிறது. மொறுமொறுவென்று மேல்தோல் வெடித்து வெளியே வருகிறது. அந்த வாசனைக்கு நடுவில் அவள் தட்டில் நாலு மத்தி மீனும் கீரையும் ரெண்டு அவித்த முட்டையும். முதல் வாரம் தலை வலித்தது, கனவிலெல்லாம் ரொட்டி வந்தது. கயித்தான் பரிதாபப்பட்டுத் தவிட்டு ரொட்டி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினான்.

“இது சக்கரை வியாதிக்காரங்களே திங்கறதுதானே? கொஞ்சம் தின்னு.”

“கொண்டு போறீங்களா, இல்ல ஒங்க மூஞ்சியில எறியட்டா?”

ஜூனில் மழை பிடித்தது. மீன்படகு கடலுக்குப் போகாத காலம். கருவாட்டைச் சுட்டுத் தேங்காயோடு கடித்துக்கொண்டாள். ஆற்று மட்டியை அவித்துத் தின்றாள். வயிறு வடிந்தது. சாயங்காலம் ஆனால் கண்ணை மறைக்கிற மூட்டம் விலகியது. இரண்டு வருஷத்துக்கு அப்புறம் தலைக்குள் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. தெளிவு வந்ததும் கூடவே கோபமும் தெளிந்தது. கலக்கத்தில் அரைகுறையாகக் கேட்ட பேச்செல்லாம் இப்போது முழுசாக ஞாபகம் வந்தது. மாவை அறைந்து அறைந்து பிசைந்தாள். அந்த வருஷ மழையிலும் ரொட்டி நன்றாக வந்ததற்குக் காரணம் அந்தக் கோபம்தான் என்பேன்.

டாக்டரம்மா எழுதிக் கொடுத்த காகிதத்தை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் வைத்து நீட்டினாள். சாமியார் கண்ணாடி போட்டுப் படித்தார். கித்தேரியா எட்டிப் பார்த்தாள்.

“என்னதான் எழுதியிருக்கு சாமி?”

“வயித்துக்குள்ளயே கள்ளு மாதிரி ஊறுதுன்னு போட்டிருக்கும்மா.”

கித்தேரியாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. “வயித்துக்குள்ள கள்ளா? ஏன், நெஞ்சுல தென்னமரம் வச்சிருக்காளாமா? மட்காவ் டாக்டருக்குப் பொழப்பு வேணாமா, என்னத்தையாவது எழுதும். ரொட்டி தின்னு போதை ஏறும்னா இந்த ஊர்ல ஒருத்தன் நிமிந்து நடப்பானா சாமி?”

கூட்டம் சிரித்தது. பியதாத் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள்.

“மதினி, நான் குடிச்சதை நீங்க கண்ணால பாத்தீங்களா?”

“கரிக்கோட்டப் பாத்தேன். ஒன் வாய மோந்து பாத்தேன். வேற என்ன பாக்கணும்?”

“அப்ப இன்னொரு தடவை பாருங்க. ஒங்க ரூம்லயே என்னப் பூட்டுங்க. சனிக்கிழமை மத்தியானக் கோயில் மணியிலேர்ந்து ஞாயித்துக்கெழமை சாயங்கால மணி வரைக்கும். ஒங்க கையால ரொட்டி குடுங்க, ஒங்க கையால தண்ணி குடுங்க. ஒரு பொட்டுக் கள்ளு இல்லாம எனக்குப் போதை ஏறிச்சுன்னா என்ன செய்வீங்க?”

“ஏறினா நாப்பத்து மூணு வாசல்லயும் ஹாரன் அடிச்சு, நான் சொன்னது தப்புன்னு சொல்றேன்டி! ஏறாட்டி நீ என்ன செய்வ?”

“வீட்டை விட்டுப் போயிர்றேன். லவீனா பேச்சையே எடுக்க மாட்டேன்.”

“சாமி, கேட்டீங்கல்ல?” என்றாள் கித்தேரியா.

“கேட்டீங்கல்ல சாமி?” என்றாள் பியதாத்தும்.

அன்றைக்கே மாத்திரையை நிறுத்தினாள். கயித்தான் பின்னாலேயே வந்து கெஞ்சினான்.

“இப்பத்தான் ஒடம்பு தேறி வருது. மறுபடி அதைக் கெளப்பி விடணுமா? ஆறு வாரப் பத்தியம் வீணாப் போயிரும் பியதாத்.”

“போகட்டும். ஒங்கக்கா மொகம் எப்படிப் போகுதுன்னு பாக்கணும் எனக்கு. அதுக்கப்புறம் ஆறு மாசம் பத்தியம் இருக்கச் சொன்னாலும் இருக்கேன்.”

சனிக்கிழமை மத்தியான மணி அடித்ததும் கித்தேரியாவின் அறைக்குள் போனாள். கித்தேரியா கதவைச் சாத்திச் சோதனை போட்டாள். கொண்டையை அவிழ்த்து உதறினாள். பாவாடை ஓரத்தைத் தடவினாள். தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்ப் புட்டியைத் திறந்து மோந்து பார்த்தாள்.

“கட்டிலுக்கு அடியில பாத்தீங்களா மதினி?”

“பாத்தேன்.”

“தலையாணிக்குள்ள?”

“பாத்தாச்சுடி.”

“தண்ணிப் பானை?”

“நானே கழுவி நானே மொண்டு வச்சது.”

“நீங்களே வச்சது. சரி. ஞாபகம் வச்சுக்குங்க.”

கித்தேரியா அவளைச் சந்தேகமாகப் பார்த்தாள். ஆனாலும் தன் மடியில் இருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு ரொட்டி எடுத்து வந்தாள். அடுப்பிலிருந்து வந்த சூடு ஆறாத நாலு உருண்டை ரொட்டி. ஆறு வாரத்துக்குப் பிறகு பியதாத் ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டாள். கண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. பழி வாங்க வந்த இடத்தில் இப்படி ருசிக்கிறதே என்று தன்மேலேயே எரிச்சலும் வந்தது. கித்தேரியா கதவை அடைத்துப் பாய் போட்டு வெளியே தலைமாட்டில் சாவியோடு படுத்தாள். அன்றைக்கு ரொட்டிக்கூடையைக் கயித்தான்தான் கொண்டு போனான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. பியதாத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

காலையில் ஐந்து ரொட்டி தின்றாள். பத்து மணிக்கு ஒரு கிண்ணம் சோற்றுக்கஞ்சி. வயிறு லேசாக உப்பியது, அவ்வளவுதான். தலை கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. மழை ஓட்டின்மேல் கொட்டிக்கொண்டிருந்தது. பூசை முடித்து எட்டிப் பார்த்த சாமியார், “எப்படி இருக்கே?” என்று கேட்டுவிட்டு, அவள் நேராக நின்று பதில் சொன்னதைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே போனார். கித்தேரியா கதவருகே ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவள் குரலில் இப்போது கேலி இல்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

“பாத்தியா? கள்ளு எட்டாத எடத்துல இருந்தா நல்லாத்தான் இருக்க. நான் என்ன ஒன்ன அடிச்சா தொரத்தப் போறேன்? ஒத்துக்க. சாமிகிட்ட நானே பேசறேன். வீட்டுல ஒரு மூலையில இருந்துட்டுப் போ.”

பியதாத் கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டாள். மாத்திரை நன்றாக வேலை செய்திருந்தால்? அது செத்தே போயிருந்தால்? குணமாகிவிட்டால் தான் குடிகாரி என்பது ஊர்ஜிதமாகிவிடும். உலகத்தில் யாருக்காவது இப்படி ஒரு கேடு வருமா! சுவரில் மாட்டியிருந்த மாதா படத்தைப் பார்த்து மனதுக்குள் அழுதாள். தாயே, இன்றைக்கு ஒருநாள் அந்த வியாதியை எனக்குத் திருப்பிக் கொடு. நாளைக்கு எடுத்துக்கொள்.

மணி இரண்டு. லவீனாவின் வயிறு ஞாபகத்துக்கு வந்தது. அந்த வயிற்றைப் பார்க்கக்கூட அவளை இன்னும் விடவில்லை. அழுதது போதுமென்று எழுந்து உட்கார்ந்தாள். மழைக்காலத்தில் தொட்டி மாவு பொங்காமல் கிடந்தால் அவள் என்ன செய்வாள்? தொட்டியை அடுப்புச் சுவரோரம் நகர்த்துவாள். கள்ளோடு இரண்டு கரண்டி வெல்லம் கரைத்து ஊற்றுவாள். கித்தேரியாவின் அறைக்கு மறுபக்கம்தான் அடுப்பு. கட்டிலைவிட்டு இறங்கி அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள். சுவர் இதமாகச் சுட்டது.

“மதினி, பசிக்குது.”

“இன்னுமா?”

“சாமி போட்ட அபராதச் சாப்பாடு வேணும். ரொட்டியும் வெல்லத்தண்ணியும். தண்ணி சுட இருக்கட்டும். வெல்லத்த ஒங்க கையாலயே போடுங்க, நெறையப் போடுங்க.”

“கடைசி நேரத்துல தவமா?” என்று முணுமுணுத்தாலும் கித்தேரியா கொண்டுவந்தாள். பியதாத் ரொட்டியை அதில் ஊறப்போட்டுக் கையால் பிசைந்து கூழாக்கிக் குடித்தாள். இன்னொரு செம்பு கேட்டாள். அதையும் குடித்தாள். தின்னு, மூதேவி, தின்னு, என்று வயிற்றைப் பார்த்துச் சொன்னாள். வயிறு கடமுட என்றது.

நாலரை மணி இருக்கும். முதலில் உதட்டோரம் மரத்தது. அப்புறம் இரண்டு காதும் சுட்டது. மாதா படத்தின் சட்டம் ஒரு பக்கம் சாய்ந்தது. எத்தனையோ நாள் அவளை அழவைத்த அந்தக் காதுச் சூட்டை இன்றைக்கு அவள் மகளைப் பார்த்ததுபோல் வரவேற்றாள். சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

“மதினீ… வந்திருச்சு மதினீ…”

நாக்கு தடித்திருந்தது. கித்தேரியா துள்ளி எழுந்தாள். குனிந்து அவள் வாயை மோந்தாள். சட்டென்று பின்வாங்கினாள். பிறகு கட்டிலுக்கு அடியில் புகுந்தாள், தலையணையைக் கிழித்துப் பஞ்சை உதறினாள், ஜன்னல் கம்பியை அசைத்துப் பார்த்தாள். கடைசியில் செம்பின் அடியில் இருந்த வெல்லத்தண்ணியைத் தன் நாக்கில் விட்டுப் பார்த்தாள். வெறும் வெல்லம்.

“என்னடி வாசம் இது? எங்கேருந்துடி வருது?”

“ஒங்க ரொட்டி வாசம் மதினி. ஒங்க வெல்லம்.”

சாமியார் மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் வந்தார். கயித்தான் பின்னால் நின்றான். பியதாத் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், சறுக்கினாள், மறுபடி எழுந்தாள். சாமியாரின் முகத்துக்கு நேரே ஒரு மூச்சு விட்டாள். மரியாதை பார்க்கிற நேரம் இல்லை அது.

“கித்தேரியா, நீ நடுவுல எங்கயாவது போனியா?” என்று சாமியார் கேட்டார்.

“சாப்பாடு எடுக்கப் போனதைத் தவிர எங்கயும் போகல சாமி. போறப்ப கதவப் பூட்டிட்டுத்தான் போனேன்.”

“தூங்கிட்டியா?”

“ராத்திரி பூரா கண்ண மூடல. கதவுல முதுகு வச்சுத்தான் படுத்திருந்தேன். கதவு அசையல.”

“யாராவது வந்தாங்களா?”

“ஒங்களத் தவிர யாரும் வரல.”

ஒரே ஒரு பொய் போதும் அவளுக்கு. கொஞ்சம் கண்ணயர்ந்துட்டேன் சாமி என்று சொல்லியிருந்தால் அத்தனையும் கவிழ்ந்திருக்கும். பியதாத் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கித்தேரியா பொய் சொல்ல மாட்டாள் என்பதை நம்பித்தான் இந்தக் காரியத்தில் இறங்கியிருந்தாள்.

“நான் குடுத்ததைத் தவிர ஒண்ணும் உள்ள போகல சாமி” என்றாள் கித்தேரியா.

சாமியார் செம்பைக் கையில் எடுத்துப் பார்த்தார். “வெள்ளிக்கிழமையெல்லாம் இதைத்தானே…” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

“இதேதான் சாமி. ரொட்டியும் வெல்லத்தண்ணியும். நீங்க போட்ட அபராதம் நல்லாப் பொங்கிச்சு” என்று பியதாத் குழறிச் சொன்னாள். அவர் முகம் சிறுத்துப்போனது. அது போதும் என்று அவரை விட்டுவிட்டாள். கயித்தான் பக்கம் திரும்பினாள்.

“கள்ளு நுரை அடங்கினா மட்டம் எறங்கும்னு ஒங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“அப்ப ஏன் சொல்லல?”

“அக்கா சொன்னதுக்கு எதுத்து நான் என்னத்த…”

“சரி. இனிமே என்கூடப் பேசாதீங்க” என்றாள். சொல்லிவிட்டு அவன் காலடியிலேயே வாந்தி எடுத்தாள்.

திங்கட்கிழமை முழுக்கத் தலையைத் தூக்க முடியவில்லை. மாத்திரையை மறுபடி ஆரம்பித்தாள். மூன்று மாசத்துக்கு இன்று முதல் நாள் என்று சுவரில் கரியால் கோடு போட்டாள். கித்தேரியா சாயங்காலம் வந்து படுக்கையோரம் நின்றாள்.

“தப்புதான். நான் வேணும்னு சொல்லல. கண்ணால கண்ட மாதிரி இருந்துச்சு, சொன்னேன். ஒன் கால்ல வேணா விழறேன். வாசல் வாசலாப் போக வைக்காத.”

“கால்ல விழவேணாம் மதினி. நாளைக்கு ஹாரனுக்கு எண்ணெய் போட்டு வைங்க.”

செவ்வாய்க்கிழமை காலை சாரல் அடித்துக்கொண்டிருந்தது. கித்தேரியா சைக்கிளைத் தள்ளினாள். பத்தடி பின்னால் பியதாத் குடையோடு நடந்தாள். முகம் வெளுத்து, கன்னம் ஒட்டி, ஆனால் கால் தடுமாறவில்லை. முதல் வாசலில் பாம் பாம். கதவு திறந்தது.

“என் தம்பி பொண்டாட்டி குடிக்கல. குடிச்சான்னு நான் சொன்னது தப்பு.”

வீட்டுக்காரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “சரி, ஆறு ரொட்டி குடு” என்றாள்.

சில வீட்டில் வெட்கப்பட்டுக் கதவைப் பாதி சாத்தினார்கள். சில வீட்டில் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்கள். பியதாத் எங்கேயும் உட்காரவில்லை. இருபதாவது வாசலுக்குமேல் கித்தேரியாவின் தொண்டை கட்டியது. முப்பதாவது வீட்டில் இருந்த ஒரு பெரியவர் வெளியே வந்து சமாதானம் பேசினார்.

“விட்ரும்மா. வயசான பொம்பள. மழையில நனையுது பாரு.”

“இதே வாசல்ல என்னப் பத்திச் சொன்னப்ப என் வயசை யாரும் கேக்கல மாமா. ஊதுங்க மதினி, அடுத்த வீடு.”

நாற்பத்து மூன்றாவது வாசல். கித்தேரியா சைக்கிளை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். மழையா கண்ணீரா என்று தெரியாத முகம்.

“இங்க மட்டும் நீயே சொல்லிக்கயேன். குரலே வரல எனக்கு.”

“ஊதுங்க.”

ஹாரன் சத்தம் எர்மெலிந்தாவுக்குக் கேட்டிருக்காது. லவீனாதான் ஓடிவந்து கதவைத் திறந்தாள். அவள் மேடிட்ட வயிற்றை பியதாத் முதல்முறையாகப் பார்த்தாள். பின்னாலேயே எர்மெலிந்தா காதில் கையைக் குவித்துக்கொண்டு வந்தாள்.

கித்தேரியா சொன்னாள். காற்றுதான் வந்தது.

“என்ன? எத்தனை ரொட்டி?” என்றாள் எர்மெலிந்தா.

லவீனா அழுதுகொண்டே படியிறங்கினாள். “போதும்மா. எனக்குக் கேட்டுருச்சும்மா.”

“ஒனக்குக் கேட்டுச்சு. அவங்களுக்குக் கேக்கல” என்ற பியதாத், மகளை அணைக்கக்கூட நகராமல் நின்றாள். “அன்னிக்கு இந்த வாசல்ல எப்படிச் சொன்னீங்களோ அப்படிச் சொல்லுங்க மதினி.”

கித்தேரியா சைக்கிள் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு கத்தினாள். ஒருதரம் கத்தினாள், எர்மெலிந்தா புரியாமல் விழித்தாள். இரண்டாம் தரம் கத்தினாள். மூன்றாம் தரம் தொண்டைக்குள் எங்கிருந்தோ ஒரு குரல் பிய்த்துக்கொண்டு வந்தது.

“அவ குடிக்கல! நான் சொன்னது தப்பு! பொண்ண அவகூட அனுப்புங்க!”

எதிர்வரிசையில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கடைசி ஜன்னல் திறக்கும்வரை பியதாத் காத்திருந்தாள். எர்மெலிந்தா வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள். அனுப்புகிறேன், அனுப்புகிறேன் என்று கையைக் காட்டினாள்.

பியதாத் குடையை மகளின் தலைக்குமேல் பிடித்தாள்.

“துணிமணிய எடுத்துப் பெட்டியில வை லவீனா. நீ தூக்காத. ரொட்டிக் கூடை காலியாத்தான் இருக்கு. அதுல வச்சா ஒங்கத்தை தள்ளிக்கிட்டு வருவாங்க.”